பக்காவ் கட்டை மேல் பழி போடுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தைப் படித்தேன். தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டின் பின்புறம் அடுப்படியை நீட்டிக் கட்டினார்களாம். நாலு வருடத்துக்குள் அது வீட்டை விட்டு விலகிச் சாய்ந்து, நடுவில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. அடியில் அஸ்திவாரத்துக்குப் பக்காவ் என்ற சதுப்புக்காட்டு மரத்தின் கட்டை அடித்திருந்தது அப்புறம்தான் அவருக்குத் தெரிய வந்திருக்கிறது. விறகுக்கு மட்டுமே லாயக்கான மரத்தை வீட்டுக்கு அடியில் வைப்பது மோசடி, கடலோரக் காட்டை அழித்துக் கொண்டுவரும் இந்தக் கட்டையை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று முடித்திருந்தார். நீங்களும் விரிசலின் படத்தைப் பெரிதாகவே போட்டிருந்தீர்கள்.

அவருடைய பணம் போனது நிஜம், கோபமும் நியாயம். ஆனால் கோபம் தவறான ஆள் மேல் போகிறது. நான் பேராக் கடலோரத்தில், தைப்பிங்கிலிருந்து தெலுக் இந்தான் வரைக்கும், பைலிங் வேலைக்கு, அதாவது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் கட்டை அடித்து இறக்கும் வேலைக்கு, மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பக்காவ் கட்டையை லோரியிலிருந்து இறக்கி, அளந்து, வளைந்ததைத் திருப்பி அனுப்பி, அடித்து இறக்கி, தலையை வெட்டுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. கடிதம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டத்தைப் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

முதலில் மரத்தைப் பற்றி. நம் ஊரில் பக்காவ் என்று பொதுவாகச் சொன்னாலும் கட்டையாக வருவது பெரும்பாலும் பக்காவ் மின்யாக். ரைசோஃபோரா அபிகுலாட்டா என்பது அதன் தாவரவியல் பெயர். இதன் உறவுக்கார மரம் பக்காவ் கூராப். தமிழ்நாட்டில் பிச்சாவரம் பக்கம் இந்த இனத்தைச் சுரபுன்னை என்கிறார்கள். சேற்றிலிருந்து கால் விரித்து நிற்கும் வேர்களைப் பார்த்தாலே மரம் எது என்று தெரிந்துவிடும். மின்யாக் நேராக வளரும், அதனால் கட்டைக்கு அதைத்தான் தேடுவார்கள்.

வெட்டிய பச்சைப் பக்காவ் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அதனால் மற்ற மரத்தைப் போல ஆற்றில் மிதக்கவிட்டு இழுத்து வர முடியாது; படகில் அடுக்கித்தான் கொண்டுவருவார்கள். நன்றாகக் காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் 800 கிலோவுக்குக் குறையாது. 1,000 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. மேசை நாற்காலி செய்யும் கித்தா (ரப்பர்) மரம் 600 கிலோ அளவில்தான் வரும். பக்காவின் உள்மரம் கருஞ்சிவப்பாக, நெருக்கமான இழையோடு இருக்கும். காய்ந்த கட்டையில் ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும், பாதி ஆணிகள் வளைந்துவிடும். ரம்பத்தின் பல்லையும் சீக்கிரம் மழுக்கிவிடும்.

இவ்வளவு கெட்டியான மரத்தில் ஏன் கதவோ சன்னலோ செய்வதில்லை என்று கேட்கலாம். காயும்போது அது மிகவும் சுருங்கும்; நீளவாக்கில் பிளக்கும், முறுக்கிக்கொள்ளும். வெயிலில் இரண்டு வாரம் கிடந்த கட்டையின் முனையைப் பார்த்தால் நட்சத்திர வடிவில் வெடித்திருக்கும். தவிர, மரமும் பெரிதாகப் பருப்பதற்குள் வெட்டப்பட்டுவிடுகிறது. பலகை அறுக்கும் அளவுக்கு அடிமரம் கிடைப்பது அபூர்வம். ஆகவே இது உருண்டையாகவே பயன்படும் மரம். கட்டை, கம்பு, முட்டு, விறகு, கரி என்று அதன் உபயோகம் முடிந்துவிடும். பட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம் என்பதால் ஒரு காலத்தில் தோல் பதனிடவும், மீன் வலைக்குச் சாயம் ஏற்றவும் அதைக் காய்ச்சினார்கள். வட போர்னியோவின் சண்டக்கானிலிருந்து அந்தச் சாறு கெட்டியாக்கப்பட்டு ஏற்றுமதியும் ஆனது. நைலான் வலை வந்த பிறகு வலைக்குச் சாயம் போடும் வேலையே இல்லாமல் போயிற்று.

கனமான மரம் என்றால் நாள்பட உழைக்கும் என்று நம்மவர்கள் நினைப்பதுதான் முதல் கோளாறு. செங்கால் மரமும் ஏறக்குறைய இதே கனம்தான். பழைய மலாய் வீடுகளில் செங்கால் தூண் மழையிலும் வெயிலிலும் தலைமுறைகளாக நிற்கிறது. அதே இடத்தில் பக்காவை நட்டால் சில வருடங்களில் மண்ணோடு ஒட்டிய இடம் இற்றுவிடும். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் மரங்களின் ஆயுளைச் சோதிக்க ஒரு பழைய முறை உண்டு. இரண்டு அங்குலச் சதுரக் குச்சிகளாக அறுத்து, திறந்த வெளியில் மண்ணில் பாதி புதைத்து வைத்து, கறையானும் பூஞ்சையும் தின்று முடிக்க எத்தனை வருடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். பத்து வருடத்தைத் தாண்டினால் முதல் தரம், இரண்டு வருடம்கூடத் தாங்காவிட்டால் கடைசித் தரம். அந்தத் தேர்வில் பக்காவ் கீழ்ப் படிகளில் நிற்கும் மரம்தான். கிள்ளான் சகோதரியிடம் யாரோ இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர், அந்தக் குச்சிகள் காற்றுப் படும் மண்ணில் புதைக்கப்பட்டவை என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

இனி தண்ணீர் மட்டம். மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எப்போதும் தண்ணீருக்குள், அதுவும் இறுகிய களிமண்ணுக்குள் இருக்கும் மரத்துக்கு ஈரம் நிறைய உண்டு, காற்று இல்லை. அதனால் அங்கே பூஞ்சை வாழ முடியாது. கறையானும் அங்கே இறங்காது. நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே நிரந்தரமாக மூழ்கியிருக்கும் பக்காவ் கட்டை மிக நீண்ட காலம் அப்படியே இருக்கும். தைப்பிங்கில் பழைய கால்வாய்ச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டியபோது அடியிலிருந்து பிடுங்கிய கட்டைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டை கூடக் கழலவில்லை. செயின்சா வைத்து அறுத்தால் உள்ளே சிவப்பு மாறாமல் இருந்தது. அந்தச் சுவர் கட்டப்பட்டபோது வேலை செய்தவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை.

கெடுவது எங்கே என்றால், நீர் மட்டம் ஏறி இறங்கும் அந்த இரண்டு மூன்று அடி உயரத்தில். மழைக் காலத்தில் நனைந்து, வெயில் காலத்தில் காற்றுப் பட்டு, மறுபடி நனையும் இடம் அது. கட்டையின் தலை அந்த உயரத்தில் நின்றால் கழுத்து இற்றுப்போகும். கீழே பதினைந்து அடி மரம் கல்லாக இருந்தும் பயனில்லை, மேலே கான்கிரீட் உட்கார இடமில்லாமல் போய்விடும். ஆகவே கட்டையை அடித்து முடித்ததும், வறண்ட மாதத்தில் நீர் எவ்வளவு இறங்குமோ அதற்கும் கீழே தோண்டி, அங்கே தலையை வெட்டி, அதன்மேல் கான்கிரீட் போட வேண்டும். இதில்தான் குத்தகைக்காரர்கள் ஏய்ப்பார்கள். ஐந்து அடி தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறும், பம்பு வைத்து இறைக்க வேண்டும், ஓரம் சரியும், பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு அடியில் வெட்டிவிட்டால் வேலை அன்றைக்கே முடியும். கேட்டால் தலையில் கறுப்பெண்ணெய் பூசியிருக்கிறோம் என்பார்கள். பழைய இன்ஜின் எண்ணெயைத் தூரிகையால் தடவினால் அது இந்த மரத்துக்குள் இறங்காது. அழுத்தம் கொடுத்து மருந்து ஏற்றினாலே சுலபமாகக் குடிக்காத மரம் இது.

கட்டி முடித்தவர் ஒழுங்காகச் செய்திருந்தாலும் பின்னால் வேறு ஒருவர் கெடுக்கலாம். பக்கத்து நிலத்தில் நிலவறையோடு பெரிய கட்டடம் எழுப்புகிறார்கள், மாதக்கணக்கில் தண்ணீரை இறைக்கிறார்கள், சுற்றிலும் நீர் மட்டம் இறங்குகிறது. அல்லது மண் கால்வாயை ஆழப்படுத்திக் கான்கிரீட் போடுகிறார்கள். அதுவரை மூழ்கியிருந்த கட்டைத் தலைகள் வெளிக்காற்றைச் சந்திக்கும். வரிசை வீடுகளும் பழைய கடை வீடுகளும் இருக்கும் தெருக்களில் நகராண்மைக் கழகங்கள் கட்டட அனுமதி கொடுக்கும்போது இதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடல் தண்ணீர் வேறு கதை. திறந்த உப்பு நீரில் நிற்கும் படகுத்துறைக் காலைக் கப்பல் புழு துளைத்துவிடும். வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும், தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். மீனவர்கள் பக்காவை நட்டு, போனதும் புதிதாக நடுவார்கள். மரம் மலிவு, கிடைக்கும் இடமும் பக்கம். களிமண்ணுக்குள் புதைந்த கட்டைக்கு அந்தப் புழுவின் தொல்லை இல்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். சகோதரியின் வீட்டு விரிசல் கீழே மெலிதாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருக்கிறது. அடுப்படியின் வெளிமுனை அதிகமாக இறங்கி, வீட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்தால் விரிசல் இப்படித்தான் வரும். பக்காவ் மக்கியதால் மட்டுமே இது வந்தது என்றால் ஒரு கட்டையின் தலை முதலில் இற்றுப்போகும், இன்னொன்று பிறகு இற்றுப்போகும், தரை அங்கங்கே குழிந்து, சுவரில் கன்னாபின்னாவென்று கீறல் விழும். இங்கே மொத்த அடுப்படியும் ஒரே துண்டாக, ஒழுங்காகச் சாய்ந்திருக்கிறது. படத்தை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கிள்ளான் மண்ணைத் தெரிந்தவர்கள் முதலில் சந்தேகப்படுவது வேறொன்றை.

பக்காவ் கட்டை மிஞ்சினால் 20 அடி. அதாவது 6 மீட்டர். தடிமன் 4 அங்குலம், 5 அங்குலம். கிள்ளான் கடலோரத்தில் இளகிய களிமண்ணே 20 மீட்டர், சில இடங்களில் 30 மீட்டர் ஆழம் வரைக்கும் போகும். அடித்த கட்டையின் நுனி கெட்டியான தரையைத் தொடுவதே இல்லை. அது பாரத்தைச் சுமப்பது முழுக்கத் தன் மேல்தோலைச் சுற்றியிருக்கும் களிமண்ணின் பிடிப்பினால். பிடிப்பு என்றால் சாதாரணப் பிடிப்பில்லை. அடிக்கிற அன்றைக்கு எக்ஸ்கவேட்டரின் வாளியால் அழுத்தினாலே வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும். கலங்கிய களிமண் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி இறுகிய பிறகு அதே கட்டையை அசைக்க முடியாது. பட்டையோடு இருக்கும் பச்சைக் கட்டையை நாங்கள் கேட்டு வாங்கியது இதற்காகவும்தான். பட்டை உரிந்து காய்ந்து வெடித்தது வந்தால் லோரியைத் திருப்பிவிடுவோம்.

ஆனால் கட்டையைப் பிடித்திருக்கும் களிமண்ணே கீழே இறங்கினால்? தாமான் கட்டும்போது சதுப்பு நிலத்தின் மேல் நாலைந்து அடி செம்மண் கொட்டி மட்டம் செய்கிறார்கள். அந்தச் செம்மண்ணின் பாரத்தால் அடியில் உள்ள களிமண் தண்ணீரை மெல்ல மெல்லக் கசியவிட்டு அமுங்கும். இது ஓரிரு வருடத்தில் முடிகிற காரியமில்லை. பத்து, இருபது வருடங்கள் நடக்கும். வீட்டுச் சொந்தக்காரரின் முன்வீடு நீளமான கான்கிரீட் பைலிங் மேல் நிற்கிறது. அது கெட்டித் தரையை எட்டியிருக்கிறது, ஆகவே அசையாது. பின்னால் கட்டிய அடுப்படி 20 அடிக் கட்டைகளின் மேல் அமுங்கும் மண்ணோடு சேர்ந்து இறங்குகிறது. இரண்டையும் ஒரே சுவராக இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் எப்படிக் கிழியாமல் இருக்கும்? அங்கே பக்காவுக்குப் பதில் 20 அடிக் கான்கிரீட் கட்டை அடித்திருந்தாலும், ஏன், 20 அடி இரும்பே அடித்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கட்டையின் நீளம் போதவில்லை, இணைப்பு தவறு. மரம் என்ன செய்யும்?

சிலர் இரண்டு கட்டைகளை இரும்புக் குழாய் மாட்டி ஒட்டி 40 அடியாக்குவார்கள். நேராக இறங்கினால் சரி. பெரும்பாலும் அந்த ஒட்டில் முழங்கை மடங்கிவிடும், மேலே நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அந்த வேலை பிடிக்காது.

பக்காவ் எங்கே பொருந்தும் என்றால், பாரம் குறைவாக, பரவலாக விழும் இடத்தில். கால்வாய்ச் சுவர், சிறு மதகு, சேற்று நிலத்தில் போடும் சாலையின் அடிப்பகுதி, ஒற்றை மாடிக் கொட்டகை, காவல்காரர் அறை. முழுக் கட்டடமும் ஒரே வகைக் கட்டை மேல் நின்று, எல்லாம் ஒன்றாகக் கொஞ்சம் இறங்கினால் யாருக்கும் தொந்தரவில்லை. நம் மக்கள் சிக்கனம் பார்த்து, கான்கிரீட் வீட்டின் முதுகில் பக்காவ் அடுப்படியை ஒட்டும்போதுதான் வம்பு.

அடுத்து, தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை. சகோதரி ஒருமுறை கோலா செபத்தாங் வந்து பார்த்தால் நல்லது. பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்குக்கும் இந்த ஊருக்கும் இடையில்தான் ஓடியது. தண்டவாளம் இப்போது இல்லை, நிலையத்தின் பெயர்ப் பலகை இன்னும் நிற்கிறது, நாலு எழுத்தில், அதில் ஒன்று தமிழ். அந்தப் பாதை போடும் வேலைக்கு ஆட்கள் இலங்கையிலிருந்து வந்தார்கள். அந்தக் காலத்து நீராவி இயந்திரங்களுக்கும், பேராக் ஈயலம்பங்களின் (ஈயச் சுரங்கங்களின்) கொதிகலன்களுக்கும் இந்தக் காட்டு விறகுதான் தீனி. அப்படியே விட்டிருந்தால் காடு அப்போதே காலியாகியிருக்கும். வெட்டுவதற்கு ஒரு கணக்கு வைக்க வேண்டும் என்று வனத்துறை முனைந்ததால்தான் மாத்தாங் வனக்காப்பகம் இன்றைக்கும் 40,000 ஹெக்டர் அளவில் இருக்கிறது.

கணக்கு இதுதான். ஒரு பகுதியில் மரம் வளர்ந்து வெட்ட 30 வருடம். நடுவில் இரண்டு முறை களையெடுப்பு உண்டு, 15 வருட வாக்கில் ஒன்று, 20 வருட வாக்கில் இன்னொன்று. களையெடுப்புக்கு ஓர் அளவுகோல் குச்சி, முதல் தடவை நாலடி, இரண்டாம் தடவை ஆறடி. நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் அடியிலிருந்து குச்சியைச் சுற்றி வைத்துப் பார்த்து, அந்த வட்டத்துக்குள் வரும் மற்ற மரங்களை வெட்டிவிடுவார்கள். மிச்ச மரத்துக்கு இடமும் வெளிச்சமும் கிடைக்கும். வெட்டியதுதான் நம்மிடம் கட்டையாக வருகிறது. அதாவது நாம் வீட்டுக்கு அடியில் வைக்கும் பக்காவ் பெரும்பாலும் களையெடுத்த மரம். அதை வாங்க ஆளில்லை என்றால் களையெடுப்புக்கே பணம் இருக்காது.

மொத்தமாக வெட்டிய இடத்தில் தானாக முளைக்காத பகுதிகளை ஆள் வைத்து நடுகிறார்கள். பக்காவின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து ஈட்டி மாதிரி நீண்டுவிடும். அதைப் பொறுக்கி வந்து சேற்றில் குத்த வேண்டியதுதான். மின்யாக் நாலடி இடைவெளி, கூராப் ஆறடி இடைவெளி. நண்டு கடிக்கும், குரங்கு பிடுங்கும், பியாய் என்ற பெரணிச் செடி மண்டி மூடிவிடும். அத்தனையும் தாண்டி வருவதுதான் அடுத்த 30 வருடத்து மரம். விளைச்சல் ஆரம்ப காலத்தைப் போல இல்லை என்று வனத்துறைக்காரர்களே வருத்தப்படுவதுண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் மேற்குக் கரையில் சதுப்புக்காடு திரும்பி வராதபடி போனது இறால் குளத்துக்கும், செம்பனைக்கும், வீடமைப்புக்கும், கடலைத் தூர்த்ததற்கும். சகோதரி குடியிருக்கும் தாமானும் ஒரு காலத்தில் சதுப்புக்காடாக இருந்திருக்கலாம், அந்த ஆழக் களிமண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

விறகுக்கு மட்டுமே உதவும் மரம் என்று சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கோலா செபத்தாங்கின் கரிச் சூளைகளைப் பார்த்தவர்கள் அவ்வளவு இளக்காரமாகப் பேச மாட்டார்கள். செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் குமிழ் மாதிரி கட்டிய சூளை, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். ஐந்தடித் துண்டுகளாக நறுக்கி, பட்டையைத் தட்டி உரித்து, உள்ளே ஒவ்வொன்றாக நிறுத்தி வைப்பார்கள். ஒரு சூளைக்கு 40 டன் பச்சை மரம் போகும், வெளியே வருவது ஏறக்குறைய 10 டன் கரி. தீ மூட்டுவது சூளையின் வாயில்தான், உள்ளே அடுக்கிய மரத்தில் இல்லை. உள்ளே மரம் எரியக்கூடாது, வேக வேண்டும். முதலில் தண்ணீர் ஆவியாக வெளியேறும், அப்புறம் வாயைக் குறுக்கி மெல்லிய சூட்டில் வைப்பார்கள், கடைசியில் எல்லாத் துளைகளையும் களிமண் பூசி அடைத்து ஆற விடுவார்கள். உள்ளே நடப்பதைத் தலைமைச் சூளைக்காரர் புகையை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். தீ மூட்டியதிலிருந்து கரி அள்ள ஒரு மாதம் போல ஆகும். வெளிவரும் புகையைக் குளிரவைத்துப் பிடிக்கும் புளித்த நீரையும் புட்டியில் அடைத்துப் பூச்சி விரட்ட விற்கிறார்கள். கரித் துண்டை இன்னொரு துண்டோடு தட்டினால் உலோகம் மாதிரி ஒலிக்கும். மரம் அடர்த்தியானது, அதனால் கரியும் அடர்த்தி. நீண்ட நேரம் சீரான சூட்டில் கனலும், பொறி அதிகம் தெறிக்காது. ஜப்பான்காரர்கள் கப்பலில் ஏற்றிப் போவது சும்மா இல்லை. நம் ஊர்ச் சாத்தே கடைக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அந்தச் சகோதரி என்ன செய்யலாம் என்பது. விரிசலில் சிமெண்டை அடைத்து வெள்ளை பூசச் சொல்லி யாராவது வருவார்கள், வேண்டாம். மண் இன்னும் அமுங்கிக்கொண்டிருந்தால் அது மறுபடி பிளக்கும், அதுவும் வேறு இடத்தில் பிளக்கும். முதலில் வெளிமுனையில், தூணுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி தோண்டச் சொல்லுங்கள். தூணுக்கு நேர் அடியில் தோண்டக்கூடாது, பக்கத்தில்தான். கட்டையின் தலை தெரியும் வரை போக வேண்டும். குழியில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள், மழை ஓய்ந்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இன்னும் நல்லது. ஒரு திருப்புளியை எடுத்துக் கட்டையின் கழுத்தில் ஓங்கிக் குத்துங்கள். நுனி மட்டும் பதிந்து நின்றால் மரம் நன்றாக இருக்கிறது, கோளாறு நீளத்திலும் இணைப்பிலும்தான். பாதி வரை உள்ளே போனால் தலையை நீர் மட்டத்துக்கு மேலே வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் குத்தகைக்காரரைக் கேள்வி கேட்க அது ஒன்றே போதும், படம் எடுத்து வையுங்கள். இரண்டு கோளாறும் சேர்ந்தும் இருக்கலாம்.

மரம் நன்றாக இருந்தால், வீட்டுக்கும் அடுப்படிக்கும் இடையிலுள்ள இணைப்பைச் சுத்தமாக வெட்டிப் பிரித்து, அடுப்படியைத் தனிக் கட்டடமாக விட்டு, இடைவெளியில் மழை இறங்காதபடி நெகிழும் தகடு போட்டுவிடலாம். அது அதன் பாட்டுக்கு இறங்கட்டும், வீட்டைப் பிடித்து இழுக்காது. குழாய்களுக்கும் வளையும் இணைப்புப் போட வேண்டும், இல்லையென்றால் கழிவுநீர்க் குழாய் முதலில் உடையும். இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று வந்தால், முன்வீட்டுக்கு எத்தனை அடி பைலிங் போயிருக்கிறது என்பதை நகராண்மைக் கழகத்தில் உள்ள பழைய வரைபடத்தில் பார்த்து, அதே ஆழத்துக்குச் சிறிய இயந்திரத்தால் இறக்கும் பைலிங் போடச் சொல்லுங்கள். செலவு கூடுதல்தான். பதிவு பெற்ற பொறியியலாளர் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

இனி கட்டப் போகிற வாசகர்கள் குத்தகைக்காரரிடம் நாலு கேள்வி கேட்டால் போதும். கட்டைத் தலையை எந்த ஆழத்தில் வெட்டப் போகிறீர்கள்? வறண்ட மாதத்தில் இங்கே தண்ணீர் எவ்வளவு இறங்கும்? கட்டையின் நுனி எதன் மேல் நிற்கும்? பழைய சுவரோடு கட்டுவீர்களா, பிரித்து வைப்பீர்களா? பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஆசிரியர் அவர்கள் இந்தக் கேள்விகளை அடுத்த ஞாயிறு ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், தீபாவளிக்கு முன் அடுப்படியை நீட்டத் திட்டம் போட்டிருக்கும் பல குடும்பங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைலிங் மேற்பார்வையாளர் ஒருவர்,
தைப்பிங், பேராக்.